கடலில் மிதித்த பிரேக்

ஓய்வெடுக்கக் கடற்கரைக்குப் போகிறோம் என்று என் வீட்டுக்காரர் அறிவித்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, திரும்பி வரும்வரை யாருக்கும் ஓய்வு கிடையாது என்று. மனுஷன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஓய்வையும் வகுப்பெடுத்துத்தான் கொடுப்பார். காலையில் கடல், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் பாய்மரப் படகு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றும் கேட்டார்.

"எங்க தம்பி ஏற்பாடு பண்ணா அதுல ஒரு ஒழுங்கு இருக்கும்" என்றார் என் நாத்தனார். அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவனும் மனைவியும் தனியாக ஊருக்குப் போனால் போரடிக்குமே என்று தாமாக மனமிரங்கித் துணைக்கு வந்தவர். தம்பி எது சொன்னாலும் அதற்கு முத்திரை குத்துவது அவருக்குப் பிறவிப் பழக்கம்.

தங்கும் விடுதி அறை விளம்பரத்தில் சொன்னது போலவே கடலைப் பார்த்தபடி இருந்தது. குளியலறை ஜன்னலைத் திறந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, தண்ணீர்த் தொட்டிக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவில் கழுத்தை நீட்டினால் ஒரு விரல் அகலத்துக்கு நீலமாகத் தெரிந்தது. அண்ணி ஏறிப் பார்த்துவிட்டு, அது கடல்தான் என்று உறுதி செய்தார். ஏ.சி. ரிமோட்டின் முதுகில் பேட்டரி விழாமல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அதை அழுத்தினால் ஏ.சி. தவிர மற்றதெல்லாம் வேலை செய்தது.

போனது எங்கள் ஸ்கூல் வண்டியில்தான். கூரையில் மஞ்சள் போர்டு, பின்னால் பெரிய சிவப்பு எழுத்து. நல்லது கெட்டது எதற்குப் போனாலும் இதே வண்டிதான். இதில் ஒரு விசேஷம் உண்டு. ஓட்டுபவர் காலடியில் இருப்பதைப் போலவே பக்கத்து இருக்கையிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால், பக்கத்தில் இருப்பவர் மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். தன் மாணவர்கள் யாரும் இதுவரை ஒரு சைக்கிளைக்கூட இடித்ததில்லை என்பது அவருக்குப் பெருமை. இடிக்க விட்டால்தானே.

எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் வாங்கி மகளையும் வளர்த்துக் கல்லூரிக்கு அனுப்பியாகிவிட்டது. இன்னமும் நான் வண்டி எடுத்தால் பக்கத்து இருக்கையில் அவர். எங்கே நிறுத்தினாலும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கித்தான் நிற்கும். "பிரேக்கை மெதுவா மிதிக்கணும்னு எத்தனை தடவைம்மா சொல்றது" என்பார் அலுத்துக்கொள்ளாமல். அவர் அலுத்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பொறுமைதான் என் உயிரை வாங்கியது.

நானும் பயிற்சி கொடுக்கிறேன், பெண்கள் நிறையப் பேர் பெண்ணிடம்தான் கற்றுக்கொள்வோம் என்று கேட்கிறார்கள் என்று போன வருஷம் சொன்னேன். "சொல்லிக்கொடுக்கலாம், தப்பில்ல. முதல்ல உனக்கு பிரேக் கைக்கு வரட்டும்" என்றார். பிரேக் காலுக்கு வருவது என்று நான் திருத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு போய்ப் பயிற்சியாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன்.

தேர்வன்று பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி பாதித் தூக்கத்தில் இருந்தார். இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, கொட்டாவிக்கு நடுவில் இடது, வலது, நிறுத்து என்றார். வண்டி ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை. நான் பயந்தேபோனேன். வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அடுத்த நாள் வீட்டுக்காரரோடு போகும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். நான் பிரேக்கில் கால் வைக்கிறேன், அவர் காலும் இறங்குகிறது. முகம் மட்டும் ஜன்னல் வழியாக நிம்மதியாகக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. தன் கால் என்ன செய்கிறது என்று அந்த மனுஷனுக்கே தெரியவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பிறகு அழுகையும் வந்தது, சொல்லிவிடுகிறேன்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. பக்கத்துத் தெருவில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. அதை நடத்துபவருக்குப் பெயர் உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் 'அந்த ஆள்' என்றுதான் வழக்கம். அந்த ஆள், நான் தேர்வில் தேறியதைக் கேள்விப்பட்டு, வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். வீட்டில் பேச்சை எடுத்தபோதெல்லாம் இவருக்கு டயரில் காற்றுப் பார்க்க வேண்டிய ஞாபகம் வந்துவிடும். எழுந்து போய்விடுவார். எங்கள் வண்டி டயர்களில் பார்த்தது போல வேறெங்கும் காற்றைக் கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் சாயங்காலப் படகை நான் நம்பியிருந்தேன். நடுக்கடலில் எழுந்து எங்கே போவார்?

காலையில் கடற்கரைக்கு நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு சிக்னலிலும் குலுங்கி நின்றோம். பின் இருக்கையில் அண்ணி ஒவ்வொரு குலுங்கலுக்கும் "பார்த்தும்மா" என்றார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. விடுமுறையாம், அதனால் மன்னித்துவிட்டாராம்.

கடற்கரையில் ஓய்வு ஆரம்பமானது. மணலில் விரிப்பை விரிப்பதற்கு முன்னும் பின்னும் நடந்து இடத்தை அளந்தார். குடையை நட்டார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துப் பிடுங்கி மறுபடி நட்டார். பக்கத்தில் வந்து படுத்த ஒரு குடும்பத்திடம், விரிப்புகளுக்கு நடுவில் ஆள் நடக்க வழி விட வேண்டும் என்று பணிவாக எடுத்துச் சொன்னார். அவர்கள் பணிவாக எழுந்து தூரமாகப் போய்விட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் யாரோ பின்பக்கமாக வண்டியை எடுத்துக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஸ்டியரிங்கை ஒடிச்சுட்டான். இன்னும் ஒடிக்கணும். போச்சு" என்று முனகினார்.

"நீங்க கடலைப் பாருங்க" என்றேன்.

"கடல் எங்க போகப் போகுது" என்று எழுந்தே போய்விட்டார். முன்பின் தெரியாத அந்த மனிதருக்குக் கையைக் காட்டிக் காட்டி வண்டியை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

அண்ணி குடை நிழலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவன் சின்ன வயசுலேருந்தே பொறுப்பு" என்றார். "எனக்கும் வண்டி கத்துக்கொடுக்க எவ்வளவோ பாடுபட்டான். எனக்குத்தான் வரல. எங்க நிறுத்தினாலும் தூக்கித் தூக்கிப் போடும். வேணாம்டா சாமி, நான் பஸ்லயே போறேன்னு விட்டுட்டேன்."

அண்ணி இத்தனை வருஷமும் வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தவர். மழையில் நனைந்து, கூட்டத்தில் நசுங்கி, செருப்பு அறுந்து, எல்லாம் பட்டவர். தூக்கித் தூக்கிப் போட்டது யார் கால் என்பதை இப்போது உடைத்துவிடலாமா என்று ஒரு கணம் வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். தம்பியைப் பற்றி அக்காவிடம் குறை சொல்லி நல்ல பெயர் வாங்கிய மனைவிமார் உலகத்தில் யாரும் இல்லை.

மத்தியானத் தூக்கம் அட்டவணைப்படி நடந்தது. அதாவது அவர் தூங்கினார். குறட்டைக்கு நடுவில் அவருடைய வலது கால் கட்டில் முனையை இரண்டு முறை மிதித்தது. கனவில் யாரையோ காப்பாற்றியிருக்க வேண்டும்.

சாயங்காலம் படகுத்துறைக்குப் போனோம். படகுக்காரருக்குத் தலையில் கப்பல் தலைவர் தொப்பி, கையில் போன், வாயில் மனப்பாடம். "வாங்க, உக்காருங்க, மனசை லேசாக்குங்க, கவலையெல்லாம் கரையில விடுங்க" என்று போனிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒப்பித்தார். ஒரு பாய், நாலு பேர் உட்காரும் இடம், பின்னால் சுக்கானைத் திருப்ப ஒரு நீளக் கட்டை. அவ்வளவுதான் படகு. பாயை இழுத்துப் பிடித்திருந்த கயிறு, நடுவில் தரையில் பதித்த ஒரு கவ்வியில் மாட்டியிருந்தது.

எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். இவர் தன்னுடையதை மாட்டிக்கொண்டு, என்னுடைய வாரை இறுக்கினார். மூச்சு முட்டியது. பிறகு அண்ணியுடையதை இறுக்கினார். பிறகு படகுக்காரருடையதையும் இறுக்கப் போனார். அவர் ஒரு பார்வை பார்த்ததும் விட்டுவிட்டார்.

கரையை விட்டு விலகியதும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வெயில் தணிந்து, காற்று சீராக அடித்தது. இன்ஜின் சத்தம் இல்லை, ஹாரன் இல்லை. பாய் புடைத்து, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது. அண்ணி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தமக்குப் பயமே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார்.

"யாராவது சுக்கான் பிடிக்கிறீங்களா? போட்டோ நல்லா வரும்" என்றார் படகுக்காரர். அவருக்குப் போனில் வேலை இருந்தது போலும்.

"நான் பிடிக்கிறேன்" என்றேன்.

"நீயா?" என்றார் இவர்.

"வண்டிதான் ஓட்டத் தெரியாது. இதையாவது பார்க்கிறேனே."

கட்டையை என் கையில் கொடுத்து, "இந்தப் பக்கம் தள்ளினா அந்தப் பக்கம் திரும்பும், அவ்வளவுதான்" என்றார் படகுக்காரர்.

"அதெப்படி?" என்று இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தப் பக்கம் திருப்புறோமோ அந்தப் பக்கம்தானே போகணும்?"

"இது படகு சார்."

"படகா இருந்தாலும் ஒரு முறை வேணாமா?"

படகுக்காரர் போனுக்குத் திரும்பினார். நான் கட்டையை மெல்லத் தள்ளிப் பார்த்தேன். படகு மெல்லத் திரும்பியது. இழுத்தேன், நேரானது. என் கை சொன்னதை அது கேட்டது. நடுவில் வேறு யாருக்கும் அது பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடி பாவி, உனக்கு ஓட்ட வருகிறதடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சரி, இதுதான் நேரம் என்று, "என்னங்க, திங்கக்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

அப்போதுதான் வலப்பக்கம் தூரத்தில் ஒரு மோட்டார் படகு, பாட்டும் கூச்சலுமாகக் குறுக்கே வந்தது. நான் பார்த்துவிட்டேன். படகுக்காரரும் தலையைத் தூக்கிப் பார்த்து, "லேசாத் தள்ளுங்க, போதும்" என்றார். தள்ளினேன். எங்கள் படகு ஒதுங்கத் தொடங்கியது. நடுவில் தாராளமாக இன்னும் பத்துப் படகு போகலாம்.

டப் என்று ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் வலது காலைத் தூக்கிப் படகின் தரையில் ஓங்கி மிதித்தார். குதிகால் கயிற்றில் பட்டு, கயிறு கவ்வியை விட்டு எகிறியது. சரசரவென்று உருவிக்கொண்டு போனது. புடைத்திருந்த பாய் காற்றைக் கோட்டைவிட்டுவிட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு வேகம் குறைந்து, ஒரு குலுங்கு குலுங்கி, அப்படியே நின்று ஆடியது.

உலகத்தில் கடலில் பிரேக் பிடித்த மனுஷன் இவர் ஒருவராகத்தான் இருக்கும். அதைவிட வேடிக்கை, அவர் சொன்னது. "பிரேக்கை மெதுவா மிதிக்கணும்மா" என்றார் என்னைப் பார்த்து. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மோட்டார் படகு அதன் பாட்டுக்குத் தூரமாகப் போய்விட்டது. படகுக்காரர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே கயிற்றின் நுனியைத் தேடி முன்னால் தவழ்ந்து போனார். மனப்பாடத்தில் இல்லாத வார்த்தைகள்.

"இங்க ஏதுங்க பிரேக்?" என்றேன்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது இன்னமும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்திய அழுத்தில் விரல்கள் வெளுத்திருந்தன. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான்..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"தினமும் இதைத்தான் செய்யறீங்க. நான் பிரேக்ல கால் வைப்பேன், அதே நேரம் நீங்களும் மிதிப்பீங்க. அதான் குலுங்குது. இத்தனை வருஷமா என் காலைக் குறை சொல்லிட்டிருக்கீங்க. டெஸ்ட்ல ஒரு தடவைகூடக் குலுங்கல, தெரியுமா?"

"என்ன டெஸ்ட்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தேர்வு, கொட்டாவி விட்ட அதிகாரி, அந்த ஆள், திங்கட்கிழமை. மூச்சு விடாமல் சொன்னேன், நடுவில் எங்கே டயர் ஞாபகம் வந்துவிடுமோ என்று. பாய் தலைக்கு மேல் படபடத்துக்கொண்டே இருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ரொம்ப சௌகரியமாகப் போயிற்று. "நம்ம வண்டியா, அந்த ஆள் வண்டியா, நீங்களே சொல்லுங்க. ஆனா எதுலயாவது நான் சொல்லிக்கொடுக்கத்தான் போறேன்" என்று முடித்தேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி திறந்தார்.

"டேய்" என்றார் மெதுவாக. விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். "அப்போ என் வண்டியையும் நீதான் நிறுத்தினியா?"

"அக்கா, அது வந்து..."

"ரெண்டு பஸ்டா. ரெண்டு பஸ் மாறிப் போனேன்."

எங்கள் தம்பி, எங்கள் தம்பி என்று வாய் ஓயாத அந்த மனுஷிக்குக் கண் கலங்கியிருந்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

படகுக்காரர் கயிற்றோடு திரும்பி வந்து, "சார், நீங்க காலை மடக்கி உக்காந்தா நல்லது" என்றார். இவர் மடக்கிக்கொண்டார். கயிற்றை இழுத்ததும் பாய் மறுபடி புடைத்தது. கரை வரைக்கும் நான்தான் சுக்கான் பிடித்தேன். யாரும் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.

பாதி வழியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மத்தவங்க இடிச்சா வண்டிதானே போகும்னு இருப்பேன். நீங்க ரெண்டு பேரும் ஓட்டும்போது அப்படி இருக்க முடியல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக வைத்திருந்தேன். அன்பை இப்படிக் காலால் மிதித்தா காட்டுவார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கோபம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கோபம் அப்படியே இருந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

கார் நிறுத்துமிடத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல முன்பக்கக் கதவின் பிடியில் கை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்து, பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். முறைக்குக் காத்திருக்கும் மாணவர்கள் உட்காரும் இடம் அது. அந்த வண்டி வாங்கியதிலிருந்து அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முழங்கால் முன்னிருக்கையில் இடித்தது. இடம் போதவில்லை என்று மாணவர்கள் சொல்லும்போதெல்லாம் நம்ப மாட்டார்.

முன்னால் அண்ணி ஏறினார். காலடியில் இருந்த இரண்டு மிதியையும் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, இருக்கையின் மேல் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை நீ எந்த வண்டில இருக்கியோ, முதல் ஸ்டூடன்ட் நான்தான்" என்றார் என்னிடம். "இந்தக் காலைப் பத்திக் கவலைப்படாதே. இது இப்படியே இருக்கும்."

வண்டியை எடுத்தேன். கடற்கரைச் சாலையில் திரும்பினேன். ஐஸ்கிரீம் கடை, செருப்புக் கடை, வாடகை சைக்கிள் கடை எல்லாம் கடந்துபோயின. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு, டெஸ்டுக்குக் காத்திருப்பவர் போல விறைத்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆள் வண்டில பக்கத்து சீட்டு பிரேக் சரியா பிடிக்காது" என்றார் திடீரென்று. "போன வருஷமே பார்த்தேன். அதுல எல்லாம் உக்காந்து நீ சொல்லிக்கொடுக்க வேணாம்." அடுத்த திருப்பம் தாண்டியதும், "நம்ம வண்டியையே எடுத்துக்கோ" என்றார்.

இவரிடமிருந்து சம்மதம் இப்படித்தான் வரும், அடுத்தவனை ஒரு குட்டு குட்டிவிட்டு.

விடுதித் தெரு முனையில் சிக்னல் சிவப்பாக விழுந்தது. காலை எடுத்து பிரேக்கில் வைத்தேன். பின்னாலிருந்து டப் என்று ஒரு சத்தம் வந்தது. அங்கே மிதிக்க ஒரு ரப்பர் விரிப்பு மட்டும்தான் இருந்தது. வண்டி குலுங்காமல், கோட்டுக்கு முன்னால், நான் மிதித்த இடத்தில் நின்றது.